ஈ வந்தால் குடல், ஐ வந்தால் எலும்பு

சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வது என் தொழில். இலக்கணப் பிழை எனக்குப் பெரிய பாரமில்லை. பார்த்ததுமே கண்ணில் தைத்துவிடும். நான் பயப்படுவது இரட்டைச் சொற்களுக்குத்தான். எழுத்துக்கூட்டில் குறையிருக்காது, கணினியும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் அந்த இடத்துக்குரிய சொல் அதுவாக இருக்காது.

இலியம் என்று தமிழில் எழுதினால் ஒரே சொல், காதுக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நடுவே ஈ வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ வந்தால் இடுப்பெலும்பின் மேற்பகுதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இத்தகைய ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேர்த்துப் படித்தவை சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு சொல்லையும் அதன் சொந்தபந்தத்தோடு தனியாகப் பழகச் சொல்வேன். குடலுக்கு இலியோஸ்டமி, கிரோன் நோய். எலும்புக்கு இலியாக் கிரெஸ்ட், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. அக்கம்பக்கத்தைப் பார்த்தாலே எந்த எழுத்து என்று தெரிந்துவிடும்.

பள்ளி விதிகளை நம்பியும் காலம் தள்ள முடியாது. அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் மனநல மருத்துவத்தில் ‘ஃபிளாட் அஃபெக்ட்’ என்று வரும். முகத்திலும் குரலிலும் உணர்ச்சி தெரியாத நிலைக்கு அதுதான் பெயர். விதியை மட்டும் அறிந்தவர் அதை எஃபெக்ட் ஆக்கி, சரியாக இருந்ததைக் கெடுத்துவிடுவார்.

எழுத்தில் அவ்வளவாக ஒற்றுமையில்லாத ஜோடியும் உண்டு. இன்சிடென்ஸ் என்பது குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் கண்டவர்களின் கணக்கு; பிரிவலென்ஸ் என்பது அந்நோயோடு வாழும் எல்லோருடைய கணக்கு. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் வந்தபின் நோயாளிகள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதனால் புதிய தொற்று குறைந்தாலும் இரண்டாவது கணக்கு கூடலாம். அங்கே சொல்லை மாற்றிப் போட்டால், கிடைத்த வெற்றி தோல்வியாகப் படிக்கப்படும். இது அகராதியால் தீராது. அட்டவணையில் உள்ள எண்கள் எதை எண்ணுகின்றன என்று பார்த்தாக வேண்டும்.

மருந்துப் பெயர் என்றால் மாற்றிவிடலாம். வயிற்று அமிலத்துக்கான லோசெக், சிறுநீர்ப்பெருக்கியான லேசிக்ஸோடு குழம்பியதால் 1990-இல் அமெரிக்காவில் பிரைலோசெக் ஆனது. நோய்களின் பெயர்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் மொழியைப் பேசுவதிலும் புரிந்துகொள்வதிலும் சிரமம். ஆங்கிலத்தில் ஜி, எஸ் என்ற ஓர் எழுத்துதான் வேறுபாடு. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரலாம்; இரண்டுக்கும் பேச்சு சிகிச்சையாளரிடமே அனுப்புவார்கள். அதனால் இங்கே அக்கம்பக்கமும் கைகொடுக்காது. அடுத்த வரியில் மூக்குவழி உணவூட்டும் குழாய் வந்தால் முடிவு செய்துவிடலாம். இல்லையென்றால் நான் கைவைப்பதில்லை. கட்டுரையை எழுதிய மருத்துவருக்கே கேள்வி, அதாவது ஆத்தர் கொயரி, போடுவேன். அதிலும் ‘சரிபார்க்கவும்’ என்று மட்டும் எழுதினால், வேலைப்பளுவில் இருக்கும் மருத்துவர் ‘சரி’ என்று போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ‘இந்த நோயாளிக்குச் சிரமம் விழுங்குவதிலா, பேசுவதிலா?’ என்றே கேட்பேன்.