ஏரிக்கரைப் பயணம் - 4: பழவேற்காட்டின் சரித்திரம் யாருடையது?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை விட்டுப் பொன்னேரி வழியாகக் கிழக்கே வந்தால் பழவேற்காடு. இங்கே வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம்தான். 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை அழிந்துவிட்டது. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலும் சமாதிகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. அந்தச் சமாதிகளோடு ஊரின் சரித்திரத்தை முடித்துக்கொள்வது பெரும் அநியாயம் என்பேன். டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணியை மட்டும் கொண்டுபோகவில்லை. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். விற்றவர்களுக்குச் செதுக்கிய கல் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு என்ன இருக்கிறது?

டச்சுக்காரர்களுக்குப் பிறகும் பழவேற்காடு ஏரியோடு தங்கியவர்களின் சரித்திரம் தண்ணீரில் இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களின் பட்டினவ மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் வரத்து அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு. ஆகவே எந்த இடமும் யாருக்கும் நிரந்தரமில்லை. சீட்டுப் போட்டு முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கிறது. இதற்குக் கல்வெட்டு ஏது என்று கேட்கலாம். இன்றும் நடப்பில் இருந்து, மீறினால் அபராதம் போடும் ஒரு சட்டத்துக்குக் கல்வெட்டு எதற்கு? கோட்டை கட்டியவர்கள் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். வலை கட்டியவர்கள் போகவில்லை.

பாடு ஒரு சாதியின் ஏற்பாடுதானே என்ற மறுப்பு கல்வெட்டுக் கேள்வியைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முறை கிடைப்பது பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு மட்டுமே. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர்களுக்கும், ஏரியில் இறங்கிய தலித் குடும்பங்களுக்கும் அதில் இடமில்லை. ஏரி எல்லோருக்கும் பொது என்று சொல்லிப் பாட்டை ஒழித்துவிட்டால் அவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? காவல் இல்லாத பொதுவில் பெரிய வலையும் மோட்டாரும் வைத்திருப்பவன்தான் முந்துவான். இருளரின் வெறும் கைக்கு அங்கே என்ன மிஞ்சும்? ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது ஏனாதிப் பழங்குடியினர் வாழ்ந்த தீவு மூடப்பட்டது. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்துவிட்டது. தண்ணீர் இப்படிச் சுருங்கிவரும்போது, இருப்பதை முறைவைத்துப் பகிரத் தெரிந்த ஒரே ஏற்பாடு பாடுதான். அதை வைத்துக்கொண்டே இருளரின் பெயரையும் சீட்டில் சேர்க்க முடியும். அந்த முடிவை எடுக்க வேண்டியவை அந்த மூன்று குப்பங்களின் பஞ்சாயத்துகள்.