ரோட்டில் காய்ந்த ராகி

ஓசூரைப் பற்றிப் பேச்செடுத்தால், கம்பெனிகள் வந்து வயல்களை விழுங்கிவிட்டன என்பார்கள். நான் சிறுவனாகப் பார்த்த ஓசூரில் வயலைத் தூக்கி நிறுத்தியதே கம்பெனிச் சம்பளம்தான். பாகலூர் சாலையை ஒட்டி என் அத்தை வீட்டுக்கு இருந்த இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்து இதைச் சொல்கிறேன்.

1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட். சில வருஷங்களில் டைட்டன் கடிகாரமும் வந்து சேர்ந்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் இந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் சலுகை இருந்தது. மாமாவும் அந்த அலையில்தான் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அத்தை நிலத்தில் ஆடியில் விதைக்கிற ராகி கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் அப்போதுதான். ஆகவே நாங்கள் அங்கே போவது விருந்துக்கல்ல, வேலைக்கு.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் அது. மார்கழிக் காலையில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் மாமா, காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு லுங்கிக்கு மாறுவார். ஒரு டம்ளர் காபி குடித்ததும் நேரே நிலத்துக்குப் போய்விடுவார். உறக்கமெல்லாம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான். தெருவில் பாதி வீடுகளில் இதே கதை. யாருக்கு எந்த ஷிப்ட் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் அறுப்புக்கே ஆள் பேசுவார்கள்.

ராகி மட்டும் தனியாக நிற்காது. சில சாலுக்கு ஒன்றாக ஊடே அவரை போட்டிருப்பார்கள். ராகியை அறுத்த பிறகு அவரை படர்ந்து காய்க்கும். பனி விழ விழ அதன் காய்க்கு ஒரு மணம் ஏறும். பறித்தால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர்க்காரர்கள் அந்த மணத்தை மோந்து பார்த்துத்தான் காய் வாங்குவார்கள். விதை விஷயத்திலும் எல்லை ஒரு பொருட்டில்லை. மண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து உருவாக்கிய ‘இண்டாப்’ ரகங்கள் இந்தப் பக்கத்து நிலங்களுக்கும் வந்திருந்தன. மாட்டைத் தெலுங்கில் அதட்டி, மூட்டையைக் கன்னடத்தில் எண்ணி, விலையைத் தமிழில் பேசும் ஊருக்கு இதில் என்ன ஆச்சரியம்!

முந்தைய தலைமுறையில் சாணம் மெழுகிய களத்தில் தாளைப் பரப்பி, மாடு பூட்டிய கல் உருளையை ஓட்டித்தான் ராகி அடித்தார்கள். நாங்கள் போகத் தொடங்கிய காலத்தில் தார் ரோடே களமாகிவிட்டது. அறுத்துக் காயவைத்த கட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ரோட்டில் பிரித்துப் போடுவோம். மாலூர் போகும் பஸ்ஸும் சரக்கு ஏற்றிய லாரியும் அதன்மேல் ஏறிப் போகும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் கவைக்குச்சியால் தாளைப் புரட்டிப் போடுவது பையன்கள் வேலை. சிப்காட்டில் செய்த லாரியே சிப்காட் தொழிலாளியின் ராகியைக் கூலியில்லாமல் அடித்துக்கொடுத்தது! மொபெட்காரர்கள் மட்டும் தாளில் வழுக்கி, எங்களை வைதுகொண்டே போவார்கள். கார் அடியில் தாள் சுற்றித் தீப்பிடித்த சம்பவங்களும் இந்த எல்லைப்புறத்தில் உண்டு. அன்றைக்கு அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மத்தியானம் களி. அடுப்பில் பானையை இரண்டு குச்சிகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அத்தை துடுப்பால் கிளறுவாள். தொட்டுக்கொள்ளப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோலெடுப்பது முந்தின ராத்திரி எல்லாருக்குமான வேலை. நான் களியை மென்றுகொண்டிருந்தால் அத்தைக்குப் பொறுக்காது. “தம்பி, உருட்டி, கொளம்புல தோச்சி அப்படியே முழுங்கு. மென்னா பல்லுலதான் நிக்கும், வயித்துக்குப் போவாது.”

சாயங்காலம் காற்று எழுந்ததும் பெண்கள் முறத்தில் தூற்ற, உமி ஒருபக்கம் பறக்கும், செந்நிற மணி காலடியில் குவியும். கல் மண் பார்த்து, சலித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் சேர்த்தால் அன்றைய வேலை முடிந்தது.

அந்த மூட்டையை மாமா விற்று நான் பார்த்ததில்லை. காய்ந்த ராகியில் பூச்சி விழாது. வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். உழவுக்கும் உரத்துக்கும் சம்பளத்திலிருந்து பணம் போகும். ஒருமுறை ஆர்டர் இல்லாமல் மாமாவின் கம்பெனி லே-ஆஃப் அறிவித்தபோது, அந்த மூட்டைகள்தான் அடுப்பை எரியவைத்தன. “கம்பெனி நெலத்தப் பாத்துக்கிது, நெலம் நம்மளப் பாத்துக்கிது” என்பார் மாமா.

அந்தக் கணக்கைக் கலைத்தது கம்பெனியல்ல, மனை. பெங்களூர் வீங்கி எல்லையோர அத்திப்பள்ளியைத் தாண்டியதும், ஏக்கராக இருந்த நிலம் சதுர அடியானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கிறது. அத்தை வீட்டு நிலமும் மனைகளாகி, பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். விற்றது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பணத்தில்தான் படிப்பும் கல்யாணமும் நடந்தன.

மாமாவின் பேரன் இப்போது சிப்காட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தாத்தா பார்த்த வேலையைத்தான் பார்க்கிறான். தாத்தாவுக்கு வேலை நிரந்தரம், பக்கத்தில் நிலம். இவனுக்கு இரண்டுமில்லை. லே-ஆஃப் என்று ஒன்று வந்தால் இவன் வீட்டில் பிரிக்க மூட்டை எதுவும் இருக்காது. ராகியைக் கிலோ கணக்கில் கடையில்தான் வாங்குகிறார்கள்.