பெரியப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிடாதீங்க

பெரியப்பாவுக்கு வருத்தம் கூடிப்போச்சு என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினோம். பண்டாரவளையில் அன்றைக்கு நல்ல மூடுபனி. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கியவரின் இடது கை மட்டும் ஆடி, பாதி தேத்தண்ணி சாரத்தில். முதல்நாள் இரவு வரைக்கும் அந்தக் கை சும்மா இருந்தது.

பார்கின்சன் நோய்க்காக 2019இல் சென்னையில் அவருக்கு மூளைக்குள் மின்முனைகள் வைத்தார்கள். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் தொடங்கிவைத்த வைத்தியம் அது. மூளையிலிருந்து வரும் மெல்லிய வயர் கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே இருக்கும் பட்டரியில் சேரும். மூளையின் வலது பக்க வயர்தான் இடது கையைப் பார்த்துக்கொள்ளும்.

பெரியப்பாவிடம் இருந்த சின்ன ரிமோட், மெஷின் ஓடுது, பட்டரி சரி என்று காட்டியது. அப்போ நோய்தான் என்று கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். உடம்பு கண்டபடி நெளிய ஆரம்பித்ததுதான் மிச்சம். அந்த ரிமோட்டுக்கு வயர் அறுந்தது தெரியாது என்று எங்களுக்கும் தெரியாது.

பெரியப்பா மட்டும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இங்க பாரு புள்ள, பின்னுக்குத் திரும்பினா கை ஆடுது. கழுத்துல சுள்ளுன்னு இழுக்குது. நேரா இருந்தா நிக்குது. நம்ம பழைய ரேடியோ வயர் மாதிரி." வயசானவர் பேச்சு என்று விட்டுவிட்டோம். நானும்தான்.

மூன்று கிழமை கழித்து கொழும்புக்கு ரயில் ஏறினோம். கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம். அங்கே டொக்டர் நெஞ்சில் ஒரு கருவியை வைத்து, ஒவ்வொரு மின்முனையின் மின்தடையையும் அளந்தார். சாதாரணமாகச் சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரம் வரைக்கும் இருக்குமாம். (கலைப்பீடத்துக்காரி எனக்கு ஓம் என்றால் கோயில்தான்.) வயர் அறுந்தால் மின்சாரம் போக வழியில்லை, எண் எங்கேயோ ஏறிவிடும். இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டால் அடிமட்டத்துக்கு இறங்கும்.

பெரியப்பாவுக்கு எல்லாம் சரியாகவே காட்டியது.

அவர் விடவில்லை, ரேடியோ கதையை மறுபடி சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. "அப்போ இப்ப திரும்புங்க," என்றார். திரும்பினார். எண் குபீரென்று ஏறியது. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், காதுக்குக் கொஞ்சம் கீழே, கழுத்து வயரில் முறிவு.

பார்கின்சன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வருகிற நோய். ஒரே ராத்திரியில் ஒரு கைக்கு மட்டும் வராது. திடீரென்று வந்தால் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டும்: பட்டரி, வயர், இணைப்பு. சிலர் தோலுக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் தெரியாமல் உருட்டி உருட்டியே வயரை முறுக்கிவிடுவார்களாம். எந்தக் கை, எந்த நேரம், கழுத்து எந்தப் பக்கம் என்று அந்த மூன்று கிழமையும் நான் ஒரு கொப்பியில் எழுதியிருக்கலாம்.

இப்போது வயர் மாற்றத் திகதிக்குக் காத்திருக்கிறோம். மூளையைத் தொடத் தேவையில்லை, கழுத்து வயர் மட்டும்தான். அதுவரைக்கும் பெரியப்பாவை யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.