மலை யாருக்கு?

உழைப்பவனுக்கு உணவும் உறக்கமும் போதும். மலையும் அருவியும் துரைமார் கண்டு களிப்பதற்கென்றே அமைந்தவை என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. இது எத்துணைப் பொய் என்பதை லேடாங் மலையில் ஒரு நாள் நடந்தவர் அறிவர்.

ஆயர் ஈத்தாமிலிருந்து வைகறைக்கு முன்னே புறப்பட்டோம். யோங் பெங், லாபிஸ், சிகாமட் ஆகிய ஊர்களைக் கடந்து, சாகிலில் உள்ள தேசியப் பூங்காவை அடைந்தோம். வழிநெடுக ரப்பரும் செம்பனையும். அம்மண்ணில் நின்ற பெருங்காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளில் நம் பாட்டன் பாட்டியர் கைகளும் உண்டு. அவர்களுக்குக் காடு என்றால் வேலை, அட்டைக்கடி, மலேரியாக் காய்ச்சல். அதே காட்டினுள் கத்தியும் வாளியுமின்றி, காண்பதற்காகவே நாம் நுழைந்தோம்.

பெயரைப் பதிந்து, வழிகாட்டியின் பின்னே ஏறினோம். அருவியின் ஓசை மெல்லத் தேய்ந்தது. வேர்களே படிகளாயின, செங்குத்தான பாறைகளில் கயிறும் ஏணியும் துணை. மலையின் உயரம் 1,276 மீட்டர். 1854இல் இதில் ஏறிய ஆல்பிரட் ரசல் வாலேஸ் என்னும் இயற்கை அறிஞர், குடிநீர் கிடையாமல், குடுவைச் செடிகளில் பூச்சி மிதந்த நீரைப் பருகித் தாகம் தணிந்தார். நம் கூட்டத்திலோ எஞ்சிய ஒரே நீர்ப்புட்டி கைமாறிச் சென்றது. யார் எக்குலம் என்று கேட்பாரில்லை. ஊரிலே ஆயிரம் சொற்பொழிவு சாதியாததை ஒரு நண்பகல் தாகம் சாதித்தது.

மலாக்கா சுல்தான் மகமூது இம்மலை இளவரசியை மணக்க விரும்பினாராம். அவள் பொற்பாலமும் வெள்ளிப்பாலமும் கேட்டாள். முடிவில் அவர் மகனின் குருதியில் ஒரு கிண்ணமும் கேட்டாள். அதற்கு மனம் துணியாமல் அரசர் ஆசையைக் கைவிட்டார் என்பது கதை. கதையைக் கதையாகச் சுவைப்போம். மோகினி உறையும் மலையென்று அஞ்சி, பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைப்பது அறிவுடைமையாகாது. பொன்னால் அரசர் அடையாத உச்சியைக் கூலிக்காரனின் கால்கள் சில மணி நேரத்தில் அடைகின்றன!

தோழர்களே! திருவிழாவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். அடுத்த விடுமுறையில் ஆண் பெண் என்ற வேற்றுமையின்றிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டன் வியர்வை சிந்திய நாட்டைப் பேரப்பிள்ளைகள் உயரத்தில் நின்று ஒருமுறையேனும் பார்க்கட்டும்.