ஹெரால்டின் புகைக்குழாய்

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்து வெளியிட்ட ஹெரால்டு மகிழுந்தை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்க மாட்டார்கள். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு அது. அதற்கு உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். எம் தந்தையார் வாங்கிய ஹெரால்டு இன்றும் எம் இல்லத்தில் இருக்கிறது. பேரீச்சம்பழத்திற்குப் போடலாமே என்று நகைக்கும் உறவினரும் உளர்.

சென்ற ஆண்டு அதன் எஞ்சினில் ஒரு புதிய ஓசை எழுந்தது. காலையில் முடுக்கியவுடன் ‘டிக் டிக்’ என்று உரக்கக் கேட்கும். வண்டி சூடேறியபின் அடங்கிவிடும். பின்னிருக்கையில் அமர்ந்து வந்த அன்னையார் தலை வலிக்கிறது என்றார். அன்றே வண்டியை நிறுத்திவிட்டோம். எரிந்த பெட்ரோலின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை; குருதியிலுள்ள ஹீமோகுளோபினை உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதனோடு விளையாடலாகாது.

எம் ஊர்ப் பட்டறை மெக்கானிக் காதை வைத்துக் கேட்ட மாத்திரத்தில், “மேனிபோல்டு விட்டுப்போச்சு சார்” என்றார். நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுகூட்டிச் சைலென்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் அது. புகைக்கூட்டுக் குழாய் என்று யாம் தமிழாக்கினோம். அவர் பொறுமையுடன் புன்னகைத்தார். ஓடும்போது கடுஞ்சூட்டில் நீள்வதும் நின்றபின் சுருங்குவதுமாய்ப் பல்லாண்டுகள் கழிந்தால், நட்டுகளால் பிணிக்கப்பட்ட வார்ப்பிரும்பு எங்கேனும் விரிசல் காணும். சூடேறினால் விரிசல் நெருங்கிக்கொள்ளும். ஓசை அடங்கியதன் சூட்சுமம் அதுவே.

முன்னொரு முறை பற்றவைத்த இடத்தின் அருகிலேயே விரிசல் கண்டிருந்தது. வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். விரைவில் ஆறினால் மீண்டும் வெடிக்கும். மறுபடியும் ஒட்டுப்போட எமக்கு மனமில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. எண்பதைக் கடந்த தந்தையாரோ, “ஓட்டுவதானால் வைத்துக்கொள்ளுங்கள், காட்சிக்கு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பழைய மேனிபோல்டு ஒன்றைப் பெற்றோம். மெக்கானிக் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினார்; மணிபோல் ஒலித்தது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணப்பொடி தூவினார். விரிசல் இருப்பின் கசிவு கோடாகத் தெரியும். கோடில்லை. லேத் பட்டறையில் அதன் முகத்தை மட்டமாகத் தேய்த்து வாங்கினோம்.

ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்ந்து மூடி முழுவதும் முன்புறமாகத் திறக்கும். எஞ்சின் அருகில் அமர்ந்தே வேலை செய்யலாம். இவ்வசதி இன்றைய வண்டிகளில் எங்கே? பாட்டரிக் கம்பியைக் கழற்றி, கார்புரேட்டரை விலக்கினோம். துருவிளக்கி எண்ணெயில் இரண்டு இரவுகள் ஊறியும் ஒரு ஸ்டட் முறிந்து எஞ்சின் தலையிலேயே தங்கிவிட்டது. எம் நெஞ்சு துணுக்குற்றது. துளையிடும்போது கோணினால் தலையே பழுதாகும். மெக்கானிக் எஞ்சிய துண்டின்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார்; ஆறியதும் ஸ்பானரால் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்தார். கால்மணி நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அது நல்ல பிள்ளைபோல் சுழன்று வெளிவந்தது.

பழைய கேஸ்கட் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் நீரில் நனைத்தே சுரண்டினோம். புதிய ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டுகள் இட்டோம். அவை துருவால் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கினார்.

முடுக்கியதும் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து சற்றே புகைந்தது. ‘டிக் டிக்’ இல்லை. மறுநாள் எஞ்சின் ஆறியிருக்கையில் நட்டுகளை மீண்டும் பார்த்தோம். ஒவ்வொன்றும் இன்னுஞ் சிறிது இடங்கொடுத்தது. மாலையில் அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஐந்து மைல் சென்று வந்தோம். தலைவலி இல்லை என்றார். இருக்கையின் ஸ்பிரிங்தான் குத்துகிறதாம்.