சுடுகாட்டானுக்கு ஓய்வு

நவம்பர் 14, 2020, சனி

தீபாவளி. எங்களுக்கு இல்லை. அப்பா ஆடியில் போனார். வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது. எதிர் வீட்டிலிருந்து வந்த முறுக்கை அம்மா டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். தானும் தொடவில்லை, என்னையும் எடுக்கச் சொல்லவில்லை.

இரவு ஷார்ஜாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, இருபத்திரண்டாம் தேதி அண்டர்டேக்கர் கடைசியா வர்றான். நமக்குத் திங்கக்கிழமை காலைல. பார்த்துடு." அப்பா பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெகுநேரம் மல்யுத்தமே பேசிக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 17, செவ்வாய்

தூக்கம் பிடிக்கவில்லை.

அண்டர்டேக்கரின் கடைசி வருகைக்குத் தேதியைச் சரியாகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள். 1990 நவம்பர் 22, சர்வைவர் சீரிஸ், ஹார்ட்ஃபோர்ட் நகரம்: அவன் முதன்முதலில் வந்தது அன்றைக்குத்தான். அதே நிகழ்ச்சி, அதே தேதி, முப்பது வருஷம் கழித்து வழியனுப்பு.

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த பிறகுதான் எங்களுக்கு அவனைத் தெரியும். பள்ளிக்கூடம் முழுக்க ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு ஓடிய காலம். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவன் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அக்‌ஷய் குமார் ஒரு இந்திப் படத்தில் அவனை அடித்துப் போட்டதும் தெரியும். தம்பி அக்‌ஷய் குமாரை மன்னிக்கவே இல்லை. 1996இல் வந்த அந்தப் படத்தில் அண்டர்டேக்கராக வந்தவர் பிரையன் லீ. 1994 சம்மர்ஸ்லாமில் போலி அண்டர்டேக்கராக வந்து அசலிடம் தோற்ற அதே ஆள். இது தெரிய வந்தபோது தம்பிக்கு மீசை முளைத்து, அவன் வேலைக்கும் போய்விட்டிருந்தான். போலியை அடித்ததற்காகவா இத்தனை வருஷக் கோபம்!

அப்பா வைத்த பெயர் சுடுகாட்டான். மணி ஒலித்து விளக்கு அணைந்ததும், "வந்துட்டான்யா சுடுகாட்டான்" என்று பேப்பரை மடித்துவிடுவார். கூடவே கலசத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பால் பேரரைப் பார்த்தால் அம்மாவுக்கு ஆகாது. "அஸ்திக் கலசத்தை நடு வீட்ல காட்டறானுங்க, நிறுத்துங்க முதல்ல." அந்தப் பால் பேரர், நிஜப் பெயர் வில்லியம் மூடி, உண்மையிலேயே பிணங்களைப் பதப்படுத்தி அடக்கத்துக்குத் தயார் செய்யும் உரிமம் பெற்றவர். தொழில் தெரிந்தவர் மேலாளராக வந்தார். தொழிலே தெரியாதவன் சுடுகாட்டானாக வந்தான்.

எல்லாம் நடிப்பு என்று நான் பிளஸ் ஒன் படிக்கும்போது பெரிய மனுஷியாக அறிவித்தேன். அப்பா அசரவில்லை. அவருக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். "எங்க ஊர்ல பதினெட்டாம் போர் அன்னிக்குக் களிமண்ணுல துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பான். மண்ணுன்னு யாருக்குத் தெரியாது? பொம்பளைங்க அடிச்சிக்கிட்டு அழுவாங்க. நடிப்புன்னா என்ன இப்போ?" அதோடு முடிந்தது வாதம்.

நவம்பர் 19

வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

நவம்பர் 20

நாளைக்கு வரச் சொன்னார்கள்.

நவம்பர் 21, சனி

தம்பி தண்டர்டோமில் இடம் கேட்டுப் பதிந்திருக்கிறானாம். ஆகஸ்டிலிருந்து இந்த ஏற்பாடு. ஆர்லாண்டோ அரங்கத்தில் ஆளில்லை. ரிங்கைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஆயிரம் எல்.இ.டி. திரைகள், ஒவ்வொன்றிலும் வீட்டிலிருந்து பார்க்கும் ஒரு முகம். இலவசம்தான். கை தட்டினால் தெரியும்; கேட்கிற கூச்சல் மட்டும் அங்கே கலந்து போடுவது. "இடம் கிடைச்சா என் மூஞ்சியைக் கண்டுபிடி பார்க்கலாம்" என்கிறான்.

அவன் மூஞ்சியைத் திரையில் பார்த்தது போதாதா எனக்கு? அப்பா போன ஆடியில் அவனுக்கு விமானம் கிடைக்கவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. பொம்பளை மயானத்துக்கு வருவதா என்று பெரியவர்கள் முனகினார்கள். போனைப் பிடிக்க யாராவது வேண்டுமே என்று நான் கிளம்பிப் போனேன். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆடினால் அங்கே அவனுக்குப் படம் கலங்கும். இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. இரண்டாவது தடவை அவன் மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "முடிஞ்சிடுச்சா?" என்றான். "ம்" என்றேன். கை அப்படியே இருந்தது.

நவம்பர் 23, திங்கள்

ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நமக்கு வேண்டியதைத்தான் கடைசியில் வைப்பார்கள் என்று தெரிந்தும். தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கூடவே இருந்தான். ரோமன் ரெய்ன்ஸ் ட்ரூ மெக்கின்டயரை ஜெயித்ததற்கு இரண்டு பேருமே ஒன்றும் எழுதவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஷேன் மக்மஹோன், பிக் ஷோ, மிக் ஃபோலி, காட்ஃபாதர், ரிக்கிஷி, கெவின் நாஷ், ரிக் ஃப்ளேர், ஷான் மைக்கேல்ஸ், டிரிபிள் எச். சாவியோ வேகாவை நான்தான் முதலில் அடையாளம் சொன்னேன். அந்தப் பெருமை எனக்குப் போதும். கேன் வந்தான்: இப்போது டென்னசியில் நாக்ஸ் கவுண்டியின் மேயர். 1998இல் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் தூக்கி எறிந்த மிக் ஃபோலி நரைத்த தாடியோடு நின்றார். அன்றைக்குப் பதினாறு அடி கீழே மேஜையில் போய் விழுந்தாரே, அப்போது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

ஏதாவது பேசுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று பார்த்தால் ஒரு காணொளி ஓடியது. அது முடிந்து திரும்பினால் ரிங்கில் ஒருத்தரும் இல்லை! வின்ஸ் மக்மஹோன் மட்டும் மைக்கோடு. எங்கே போனார்கள் அத்தனை பேரும்? எதற்கு அழைத்தார்கள்? முப்பது வருஷம் கூட இருந்தவனை ஒரு வார்த்தை பேச விடக் கூடாதா? பக்கத்தில் போய்த் தோளைத் தொட விடக் கூடாதா? கோபத்தில் தம்பிக்கு என்னென்னவோ தட்டினேன். "விடுக்கா, கோவிட் ரூல்" என்று பதில்.

மணி. விளக்கு அணைந்தது. தொப்பி, நீளக் கோட்டு, அந்த நடை. சுற்றிலும் திரைகளில் முகங்கள். யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது ஒரு நொடி தெரிந்தது. அவன் பேசியது சொற்பம். அண்டர்டேக்கரை இனி உறங்க விடுகிற நேரம் என்கிற மாதிரி. மணியைப் பத்துத் தடவை அடித்தார்கள். மண்டி போட்டான். எதிரே ஒளியில் பால் பேரர் கலசத்தோடு எழுந்து நின்றார். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது.

அழுதேன். கொஞ்சமாக இல்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போனாள். ஒரு ரெஸ்லருக்காக இவ்வளவா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நவம்பர் 24, செவ்வாய்

அந்தப் பத்து மணியோசை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. செத்தவர்களுக்கு அடிப்பது அது. 1999இல் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து இறங்கும்போது விழுந்து செத்தானே, அவனுக்கு அடித்தார்கள். எடி குரேரோவுக்கு அடித்தார்கள். உயிரோடு நிற்கிற ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு அடிக்கலாமா?

தம்பி சொல்கிறான்: "மார்க் காலவேங்கிற மனுஷனுக்கு அடிக்கலைக்கா. அண்டர்டேக்கருக்கு அடிச்சாங்க."

"அவனே நின்னு கேட்டுட்டு இருக்கானே?"

"அதான் நல்லது. யாராவது ஒருத்தர் முழுசாக் கேக்கட்டும்."

அதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை. புயல் சின்னம் என்கிறார்கள். மெழுகுவத்தி, பால், மாத்திரை வாங்கி வந்தேன்.

நவம்பர் 25, புதன்

அரசு விடுமுறை. காலையிலிருந்து விடாத மழை. பகல் பன்னிரண்டுக்குச் செம்பரம்பாக்கத்தைத் திறந்தார்கள், ஆயிரம் கனஅடி. ஏரி இருபத்திரண்டு அடியைத் தொட்டதாம். எங்கள் முடிச்சூர்க்காரர்களுக்கு அந்த ஏரியின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். 2015 வெள்ளம் யாருக்கு மறக்கும்? அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். அப்பாவின் ரெக்சின் பையையும் சொன்னாள். அதையும் ஏற்றினேன்.

இரவு பத்துக்கு மேல் தம்பியிடமிருந்து ஒரே வரி: மரடோனா போயிட்டார். அப்புறம் கரண்ட் போனது.

நவம்பர் 27, வெள்ளி

நிவர் புயல் நேற்று விடியுமுன்னே மரக்காணம் பக்கம் கரையேறிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. செஞ்சிக்குப் போன் போகவில்லை. சித்தி வீட்டு ஓடு என்ன ஆனதோ. இன்று மதியம்தான் கரண்ட் வந்தது. போனைச் சார்ஜில் போட்டதும் தம்பி.

"2017லயும் இப்படித்தான் கோட்டு, தொப்பி, கிளவுஸ் எல்லாம் ரிங் நடுவுல கழட்டி வெச்சிட்டுப் போனான். அடுத்த வருஷமே வந்தானா இல்லையா? சவூதில பெரிய பணம் குடுத்தா பாரு, திரும்ப வருவான்" என்கிறான். வர மாட்டான் என்று சண்டை போட்டேன். எவ்வளவு பந்தயம் என்றான். டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டேன். ஜனவரி என்கிறான், பார்க்கலாம் என்கிறான்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுடுகாட்டான் செத்துட்டானா?"

"இல்லம்மா. ரிட்டையர் ஆயிட்டான்."

"பென்ஷன் உண்டா அவனுக்கு?"

தெரியலை என்றேன். திங்கட்கிழமை மறுபடியும் தாலுகா ஆபீசுக்குப் போகணும். சாலையில் தண்ணீர் வடிந்திருந்தால்.