கடல் கடந்த இல்லம்

நம் கல்லூரியில் என்னுடன் பயின்று, பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்தோர் பலர். அவர்கள் ஊர் திரும்புங்கால் சம்பளத்தைப் பற்றியும் அந்நாட்டு வெயிலைப் பற்றியும் ஓயாது பேசுவர். குழந்தைகளைப் பற்றிக் கேட்டாலோ, ஒரு நிழற்படத்தைக் காட்டிவிட்டு வாளாவிருப்பர். அங்ஙனம் வாளாவிருந்தோருள் யானும் ஒருவன். இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதுமாறு தமிழாசிரியர் பணித்தமையால், சொல்லாது விட்டதையே எழுதத் துணிந்தேன்.

என் ஊர் திண்டிவனம். 2012-ஆம் ஆண்டில் பஹ்ரைன் தீவிற்கு வேலைக்குச் சென்றேன். என் மனைவி அங்கே செவிலியாகப் பணிபுரிகின்றாள். மூத்த மகன் 2014-இல் மனாமா நகரத்து அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அதன் வரலாற்றைப் பின்னர்ப் படித்தபோது பெரிதும் வியப்புற்றேன். 1903-இல் அதனைத் திறந்த அரேபிய மிஷனைத் தாங்கிய அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையே, 1853-இல் தோன்றிய நம் ஆர்க்காட்டு மிஷனையும் தாங்கியதாம். திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பெயர் தாங்கிய பள்ளியில் எழுத்தறிந்த எனக்கு, மகன் பிறந்த இடம் உறவினர் வீடுபோலவே தோன்றிற்று.

அயல்நாட்டில் பிள்ளை வளர்ப்போர் கவலைகள் பெரும்பாலும் சிறியன. ஆயின் நாள்தோறும் வருவன. கோடையில் நண்பகல் 12 மணி முதல் 4 மணி வரை வெளியில் வேலை செய்தலே அந்நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அவ்வெயிலில் குழந்தை எங்கே ஓடியாடும்? மூன்றாம் மாடி அறையில் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் கண்டால் கைவைத்துப் பார்க்கப் பாட்டியில்லை. அடுத்த வீட்டில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் அரபு. எங்கள் மகனோ இவை யாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துப் பேசுவான்.

நகைப்பிற்கும் குறைவில்லை. எங்கள் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்றே அழைப்போம். ஒருநாள் மகன் பள்ளியில், “எங்கள் ஆயா திண்டிவனத்தில் இருக்கிறாள்” என்று கூற, வேலைக்காரியை ஊருக்கு அனுப்பிவிட்டீர்களா என்று ஆசிரியை பரிவோடு விசாரித்தார். வெள்ளைக்காரர் வீட்டு ‘ஆயா’ போர்த்துக்கேய மொழியினின்று வந்த சொல் என்று விளக்கினேன். அதுமுதல் என்னைக் கண்டால் அவ்வம்மையார் சற்று விலகியே செல்வார்.

நிற்க. 2017-இல் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவிக்கு இரவுப்பணி, எனக்கோ விடியுமுன் பணி. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வயது மகனைத் திண்டிவனத்தில் என் தாயாரிடம் விட்டுவருவதே வழியென்று முடிவு செய்தோம். ஆறு மாதமென்று எண்ணியது பதினான்கு மாதமாயிற்று. நாள்தோறும் தொலைபேசியில் முகம் பார்த்தோம்; அதுவே போதுமென்று நம்பினோம்.

மீண்டும் நாங்கள் ஊர் சென்று இறங்கியபோது, அவன் என் தாயாரின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். சற்று நேரங்கழித்துத் தலையை நீட்டி, “ஆயா, இவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?” என்று கேட்டான். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்புறம் சென்று, நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். அவனைத் திரும்ப அழைத்துச் சென்றபோது, என் தாயாரின் பழம்புடைவைக் கிழிசல் ஒன்றைக் கையிற் பற்றிக்கொண்டே விமானம் ஏறினான். அதனை ஓராண்டளவும் விடவில்லை. துவைக்கவும் எங்களைச் சம்மதிக்கவில்லை.

அந்நாட்களிற்றான் ஐடா ஸ்கடர் அம்மையாரின் இளமை வரலாறு எனக்குப் புதிதாய் விளங்கிற்று. 1890-இல் திண்டிவனத்தில் ஓரிரவிலே மூன்று பெண்கள் மகப்பேற்றில் மாண்டதைக் கண்டு அவர் மருத்துவம் பயிலத் துணிந்ததை நாம் சிறுவயது முதலே கேட்டிருக்கின்றோம். அதற்கு முற்பட்டதை எவரும் அழுத்திச் சொல்வதில்லை. 1870-இல் இராணிப்பேட்டையிற் பிறந்த அவர், அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட, தாயார் தந்தையாரிடம் சேர இந்தியாவிற்குக் கப்பலேறினார். அன்றிரவு அச்சிறுமி தாயாரின் தலையணையில் முகம் புதைத்து அழுததாக அவர் சரிதம் கூறும். பங்களாவில் வாழ்ந்த துரைமாரும் பிள்ளையைப் பிரிந்து பரிதவித்தவர்கள் என்பது என் சிறுவயதில் ஒருபோதும் தோன்றியதில்லை. மிஷனெரிமார் பிள்ளைகளுக்கென 1901-இல் கொடைக்கானலில் பள்ளி ஏற்பட்டது. அதன் பின்னர்ப் பல தாய்மார்க்குப் பிரிவின் தூரமாவது குறைந்திருக்கும்.

பிரியாது உடன் வைத்திருந்தோர்க்கும் கேடு வந்ததுண்டு. பஹ்ரைனில் ஊழியம் செய்த சாமுவேல் ஸ்வெமரும், செவிலியான அவர் மனைவி ஏமியும், 1904 ஜூலையில் எட்டு நாட்களுக்குள் தம் இரு பெண்மக்களை இழந்தனர். ஒருத்திக்கு வயது ஏழு, மற்றவளுக்கு நான்கு. அவ்விருவரும் அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். எங்களுக்கு வெள்ளிக்கிழமையே ஆராதனை நாள். ஆராதனை முடிந்து திரும்புங்கால், பிள்ளைகள் பின்னிருக்கையில் சண்டையிடும் ஓசை காதில் விழும்போது, அவ்விரு சிறுமியரை நினைப்பதுண்டு. அப்பொழுது சண்டையை விலக்க எனக்கு மனம் வருவதில்லை.

மகனை விட்டுவந்தது பிழையென்றே இன்றும் எண்ணுகின்றேன். மனைவியோ, அன்று வேறு வழி யாதிருந்தது என்கிறாள். இவ்வழக்கு எங்களுக்குள் தீரவில்லை. இப்பொழுது என் தாயார், உயர்நிலைப் படிப்பிற்கு அவனைத் தம்மிடமே விட்டுவிடுமாறு கேட்கின்றார். அவருக்கும் முதுமை வந்துவிட்டது. கேட்கும் குரலில் அது தெரிகின்றது. நாங்கள் இன்னும் விடை கூறவில்லை.

சென்ற விடுமுறையில் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு இரயிலிற் சென்றேன். மகள் சன்னலோரத்துப் பனைகளையெல்லாம் பேரீச்சை என்று எண்ணிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வறுத்த மல்லாட்டையை உரித்துக் கொடுத்தபடியே என் தாயார் நுங்கின் சுவையை விரித்துரைத்தார். மகனுக்கோ வேறு வேலை. ஓராண்டாக இரவுதோறும் நான் கற்பித்த தமிழெழுத்துக்களை அவன் நிலையப் பலகைகளிற் சோதித்துக்கொண்டிருந்தான். மயிலம் எளிதாயிற்று, பேரணியும் விக்கிரவாண்டியும் தேறின, முண்டியம்பாக்கத்தில் பாதி படிக்குமுன் வண்டி நகர்ந்துவிட, அழமாட்டாக் குறையாய் என்னைப் பார்த்தான். அடுத்த பலகைக்காகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தான்.

“விளுப்புரம் வந்திடுச்சு, எறங்கு கண்ணு” என்றார் என் தாயார்.

“ஆயா, விளுப்புரம் இல்லை, வி-ழு-ப்புரம்” என்று நாவை மடித்துத் திருத்தினான் அவன். பெட்டியிலிருந்தோர் அனைவரும் நகைத்தனர். என் தாயார், “எங்கே, இன்னொரு வாட்டி சொல்லு” என்று அவனைக் கேட்டுக்கொண்டே, படியிறங்க அவன் தோளைப் பற்றினார்.